எது கடவம்?

தூத்துக்குடி
12-2-1978

சேசு மரி சூசை துணை.

தம்பி இனிகோவுக்கு அக்கா பிலோமினா சொல்லி, மேல வீட்டு ஆக்னஸ் எழுதும் கடிதம். மாதா தயவில் இங்கே முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் வயிற்றுப் புண் ஆறிவிட்டதா? மெட்ராஸ் ஓட்டலில் காரத்தைக் கேட்டு வாங்கித் தின்னாதே. நான் ஒன்று சொன்னால் ஆக்னஸ் அதைப் புத்தகத் தமிழாக்கித்தான் எழுதுகிறாள். கேட்டால், "ஒங்க பேச்ச அப்படியே எழுதுனா வாசிக்கவனுக்கு மூச்சு வாங்கும் மயினி" என்கிறாள். பேனா அவள் கையில். நான் என்ன செய்ய?

விஷயத்துக்கு வருகிறேன். நம் மணியாச்சி ஷட்டிலைப் புது வண்டியாக்கப் போகிறார்களாம். பழசு பழசுதான், இல்லை என்று சொல்லவில்லை. போன வருஷம் தட்டப்பாறை பக்கத்தில் ஒரு எருமை தண்டவாளத்தில் படுத்துக்கொண்டது. கார்டு இறங்கிக் கெஞ்சினார். டிரைவர் ஊதினார். எருமைக்காரி வந்து அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் எழுந்தது. பெயர் ராஜாத்தி. அதற்குள் நாங்கள் பாதி மீனை வண்டியில் இருந்தே விற்றுவிட்டோம்.

எதற்குச் சொன்னேன்? ஆம், பெட்டி. கடைசிப் பெட்டியில் பலகைகளைக் கழற்றிவிட்டு எங்களை மீன் சுமக்கும் ஓலைக் கடவத்தோடு தரையில் உட்காரவிடுவது வழக்கம் என்பது உனக்குத் தெரியும். எந்தத் துரை விட்டுவைத்த வழக்கமோ தெரியாது. காலையில் நாங்கள் மீனும் கருவாடும் கொண்டு மணியாச்சிக்குப் போகிற அதே வண்டிதான் திரும்பும்போது மில்லுக்கும் துறைமுகத்துக்கும் ஆள் ஏற்றி வருகிறது. புது வண்டியில் அந்தக் கடைசிப் பெட்டி உண்டா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பெட்டி இல்லையென்றால் எங்கள் முப்பது வீட்டு அடுப்பும் இல்லை.

அடுத்த மாதம் டவுனில் கூட்டம் போட்டு ஜனங்களிடம் கருத்துக் கேட்கிறார்களாம். நீ ரெயில்வே ஆபீசில்தானே இருக்கிறாய், இங்கிலீஷில் வருகிற காகிதத்தைத் தமிழில் எழுதிக் கொடுக்கும் வேலை என்றாயே. காதில் எதுவும் விழுந்தால் எழுது.

உன்னை நினைக்காமல் ஒரு நாளும் செபமாலை உருட்டாத
அக்கா பிலோமினா


மெட்ராஸ்
27-2-1978

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். வயிற்றுப் புண் தேவலை. உன் முழங்காலுக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், ஆள் வந்தால் கொடுத்துவிடுகிறேன்.

இங்கேயும் இதே பேச்சுதான். தாம்பரத்திலிருந்து பீச்சுக்கு மின்சார வண்டியில் தொங்கிக்கொண்டு போகிறேன். புதுத் தடம் போடு, வண்டியைக் கூட்டு என்று பத்திரிகையில் தினமும் ஒருவர் எழுதுகிறார், மறுநாள் இன்னொருவர் பணம் எங்கே என்று எழுதுகிறார். எல்லோரும் சத்தம் போடுகிறார்கள். வண்டி பழையபடியே வருகிறது. நம் ஊருக்காவது புதுசு வருகிறதே என்று சந்தோஷப்படு. எங்கள் பிரிவில் ஊர் ஊராக வரும் காகிதங்களில் தூத்துக்குடியும் ஒன்று. எனக்கு வருவதை எழுதிக் கொடுப்பதோடு சரி. முடிவு மேலே.

கூட்டத்துக்குப் போனால் கோபப்படாமல் பேசு. ஆக்னஸ் அக்காளுக்கு என் வணக்கம்.

உன் தம்பி
இனிகோ


தூத்துக்குடி
20-3-1978

சேசு மரி சூசை துணை.

தம்பிக்கு அக்காவின் ஆசீர்வாதம். தபசு காலம், கறி தின்னக் கூடாது என்பதால் மீன் விலை ஏறிக் கிடக்கிறது. உடம்பு சுகம். உன் சுகத்துக்குக் கடிதம் போடு.

கூட்டம் நடந்தது. வியாபாரிகள் சங்கத்துக்காரர் அகலப்பாதை வேண்டும் என்றார். துறைமுகம் வந்த பிறகும் இந்தப் பொம்மை வண்டியா என்று கேட்டார், எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். அப்புறம் மில் தொழிலாளி சங்கரபாண்டியன் எழுந்தான். வண்டி தாமதமானால் மில் கேட் மூடிவிடுகிறது, அரை நாள் கூலி போகிறது என்றான். அதுவும் நியாயம். அதோடு உட்கார்ந்திருக்கலாம். கடைசிப் பெட்டியில் ஏறினால் சட்டையெல்லாம் மீன் நாற்றம், மெஷின் பக்கத்தில் நிற்கிறவன் மூக்கைப் பிடிக்கிறான் என்றும் சொன்னான்.

எங்களோடு மீன் விற்கும் பிளாரன்ஸ் விடவில்லை. "வீட்டுல ஒம் பொண்டாட்டி யாருகிட்டலே கருவாடு வாங்குதா? சட்டையில மணந்தா நாத்தம், சோத்துல மணந்தா குழம்பா?" என்று கேட்டாள். கூட்டமே சிரித்தது. அவனும் சிரித்துவிட்டான்.

அதுவரைக்கும் நன்றாகத்தான் போனது. பிறகு பெரிய அதிகாரி கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்தார்கள். அவர் வடக்கத்தி ஆள். கூட வந்தவர் அதைத் தமிழில் வாசித்தார். கடைசிப் பெட்டியின் தினசரிப் பயணிகள் கையைத் தூக்குங்கள் என்றார்.

நாங்கள் ஒருவரும் தூக்கவில்லை.

நீ சிரிக்காதே. பயணம் என்றால் நமக்கு என்ன? தோணி ஏறிக் கொழும்புக்கும் கொச்சிக்கும் போவது பயணம். உன் மச்சான் போனது பயணம். போனவர் வரவில்லை, இன்றைக்கும் நம் தெருவில் அவரைப் பற்றிப் பேசினால் 'பயணத்துல போனாரே' என்றுதான் சொல்கிறார்கள். நான் போவது யாவாரத்துக்கு. என்னை யாராவது பயணி என்பார்களா? ரோச் தண்டல் மட்டும் எழுந்து கையைத் தூக்கினார். அவர் தோணி ஓட்டிய ஆள். அந்தக் காலத்தில் மாலத்தீவு வரைக்கும் பயணம் போயிருக்கிறேன் என்றார். அவர் ஷட்டிலில் ஏறியதே இல்லை. கூட வந்தவர் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டார்.

வெளியே வந்து சொன்ன பிறகு ஆக்னஸ்தான் தலையில் அடித்துக்கொண்டாள். கடைசிப் பெட்டிக்கு ஒரே ஆள், அதுவும் தண்டல், என்று எழுதிவிட்டார்களாம். தம்பி, அதைத் திருத்த முடியுமா? நாங்களெல்லாம் ரெயிலேறுகிற ஜனங்கள்தான் என்று யாரிடமாவது சொல்லேன்.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்
அக்கா பிலோமினா


மெட்ராஸ்
9-5-1978

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் தாமதமானதற்கு ஆபீஸ் வேலைதான் காரணம். இங்கே வெயில் தாங்கவில்லை.

வண்டியில் ஏறுகிற எல்லோருமே பயணிகள்தான் அக்கா. எல்லாக் காகிதத்திலும் அப்படித்தான் எழுதுகிறோம். நடந்தது நடந்துவிட்டது. குறிப்பு மேலே போய்விட்டது, குமாஸ்தா சொல்லி அது கீழே இறங்காது.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. இந்த வயதில் தலைச்சுமை எதற்கு? நீ வீட்டில் இரு. நான் இருக்கிறேனே.

உன் தம்பி
இனிகோ


தூத்துக்குடி
8-6-1978

சேசு மரி சூசை துணை.

தம்பிக்கு அக்காவின் ஆசீர்வாதம். எல்லோரும் சுகம், வெயிலைத் தவிர.

வீட்டில் இரு என்று எழுதியிருந்தாய். ஆக்னஸ் வாசித்தாள், நான் கேட்டுக்கொண்டேன். அந்த வரிக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

ஸ்டேஷன் சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். வருகிற மாதம் புது வண்டி. டீசல் எஞ்சின், பச்சைப் பெயிண்ட், எல்லாப் பெட்டியிலும் பெஞ்சு. கடைசியில் ஒரே ஒரு வரி: 'இவ்வண்டியில் கடவம் ஏற்றுவது தடை செய்யப்பட்டுள்ளது.'

ஆக்னஸை மறுபடியும் வாசிக்கச் சொன்னேன். கடவம் என்றுதான் போட்டிருக்கிறது. பிளாரன்ஸ் சொன்னாள், "பாத்தியாளா, மெட்ராஸ்காரனுக்கும் கடவம் தெரிஞ்சிருக்கு." எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நான் கடவத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

தம்பி, உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். மெட்ராஸில் மீன்காரிகள் எதில் மீன் சுமக்கிறார்கள்? அதற்கு அங்கே என்ன பெயர்? தெரிந்தால் எழுது. தெரியாவிட்டாலும் எழுது.

ஒரு சங்கதி சொல்கிறேன், நோட்டீஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நீ சிறு பிள்ளையாக இருக்கும்போது மழை வந்தால் வெறும் கடவத்துக்குள் உட்கார்ந்துகொள்வாய். ஓலையில் மழை விழுகிற சத்தம் உனக்குப் பிடிக்கும். மீன் செதிளோடு வெளியே வருவாய். அது ஏனோ நேற்று ஞாபகம் வந்தது.

வண்டி புதுசாகட்டும். வேகமாகப் போகட்டும். எங்களை ஏற்றிக்கொண்டு வேகமாகப் போகட்டும். அவ்வளவுதான் நாங்கள் சொல்வது.

அக்கா பிலோமினா


மெட்ராஸ்
25-6-1978

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய அவா. தைலத்தை ஒரு தெரிந்த மாலுமியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். இராத்திரி தேய்த்துவிட்டுக் காற்றில் நிற்காதே. இங்கே மின்சார வண்டி இரண்டு நாள் ஓடவில்லை, நடந்தே போனேன். சனிக்கிழமை நல்ல மழை பெய்தது.

உன் தம்பி
இனிகோ


தூத்துக்குடி
16-7-1978

சேசு மரி சூசை துணை.

தம்பிக்கு அக்காவின் ஆசீர்வாதம். தைலம் வந்தது, நல்ல காரம். நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. மழை பெய்ததை எழுதியிருந்தாய். சரி.

இதைக் கேள். புது வண்டி வந்த முதல் நாள் நாங்கள் முப்பது பேரும் கடவத்தோடு கடைசிப் பெட்டியில் ஏறி, பெஞ்சுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தோம். டிக்கெட் பரிசோதகர் பாலக்காட்டுக்காரர், பாவம், நல்ல மனுசன். நோட்டீஸைக் காட்டி இறங்குங்கள் என்றார்.

நான் கேட்டேன், "அண்ணாச்சி, சட்டம்னா சட்டந்தான். எது கடவம்னு காட்டுங்க, அத நாங்களே எறக்கிப் போடுதோம்."

அவர் என் கடவத்தைக் காட்டினார். இது ஓலைப்பெட்டி என்றேன். பிளாரன்ஸ் வைத்திருந்ததைக் காட்டினார். இது கூடை, கடவம் இதைவிடப் பெரிசு என்றாள் அவள். அடுத்தவள் கடவத்துக்கு மூடி உண்டு என்றாள். அதற்கு அடுத்தவள் கடவம் என்பது மாட்டுவண்டியில் வைக்கிறது என்றாள். மூலையில் இருந்த ஒரு கிழவி, கடவத்தைத் தான் பிறந்ததிலிருந்து கண்ணால் பார்த்ததே இல்லை என்று சிலுவை போட்டுச் சத்தியம் பண்ணிவிட்டாள். அவள் உட்கார்ந்திருந்ததே கடவத்தின் மேல்தான். அந்தப் பொய்யைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிக்கொள்வாளாம்.

அவர் ஸ்டேஷன் மாஸ்டரைக் கூப்பிட்டார். மாஸ்டர் திருச்சிக்காரர். கடவுள் தெரியும், கடவம் தெரியாது என்றுவிட்டார். கடைசியில் போர்ட்டர் இசக்கியப்பனைக் கூப்பிட்டார்கள். இசக்கியப்பன் இந்த ஊர் மண்ணில் புரண்டவன். அவன் வீட்டு நெல்லே கடவத்தில்தான் கிடக்கிறது. அவன் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். பிறகு, "ஓலைச் சாமான் பத்தி எனக்குத் தெரியாது சார். நான் இரும்புலயே வளந்தவன்" என்றான்.

வண்டி தாமதமாகத்தான் கிளம்பியது. எங்களோடுதான் கிளம்பியது. அன்றிலிருந்து தினமும் இதே கூத்து. சங்கரபாண்டியன்கூட மணியாச்சியில் ஏறும்போது, "என்ன மயினி, கடவம் ஆப்புட்டுச்சா?" என்று கேட்கிறான். ஆனால் பரிசோதகர் மெட்ராஸுக்கு எழுதிவிட்டாராம். கடவம் என்றால் என்ன என்று தெரிந்த ஆளை அனுப்பச் சொல்லி.

அக்கா பிலோமினா


மெட்ராஸ்
22-8-1978

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

செப்டம்பர் 14-ஆம் தேதி காலை அதிகாரி ஒருவர் தூத்துக்குடி ஸ்டேஷனுக்கு நேரில் வருகிறார். பொருளைப் பார்த்து அடையாளம் சொல்ல, அந்தப் பக்கத்து ஆளாக என்னையும் கூட வரச் சொல்லியிருக்கிறார்கள். முடியாது என்று சொல்லிப் பார்த்தேன்.

அக்கா, அன்றைக்கு மணப்பாட்டில் சிலுவைத் திருநாள். நீ போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. இந்த வருஷம் போய்வா. நமக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்று. தயவுசெய்து போய்வா.

உன் தம்பி
இனிகோ


தூத்துக்குடி
31-8-1978

சேசு மரி சூசை துணை.

தம்பிக்கு அக்காவின் ஆசீர்வாதம். உடம்பு சுகம்.

மணப்பாட்டுக்கு ஆக்னஸ் போகிறாள். அவளிடம் மெழுகுவர்த்தி கொடுத்துவிடுகிறேன். நான் வியாபாரத்துக்குப் போகிறேன். எனக்குச் சிலுவை தலைமேலேயே இருக்கிறது, அதைப் பார்க்க மணப்பாட்டுக்குப் போக வேண்டியதில்லை.

வருகிற அதிகாரியை எனக்குத் தெரியாது. கூட வருகிறவரையும் எனக்குத் தெரியாது. தெரு ஜனங்களுக்கும் தெரியாது. நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நீ பயப்படாதே.

ஆனால் அந்த நோட்டீஸை எழுதினவனைப் பற்றி அடிக்கடி நினைக்கிறேன். மெட்ராஸில் இருக்கிறவன் கூடை என்று எழுதியிருப்பான். இவன் கடவம் என்று எழுதியிருக்கிறான். நம் கடற்கரைப் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும். எழுதும்போது அவன் கண் முன்னால் ஒரு கடவம் வந்திருக்கும். அது யாருடைய கடவம் என்று அவனுக்குத்தான் தெரியும். மேலிருந்து சொன்னதைத்தான் எழுதினான், அவன் மேல் எனக்கு வருத்தமில்லை. கடவம் என்று எழுதத் தெரிந்தவனுக்கு அதை அடிக்கவும் தெரியும்.

இதைச் சொன்னபோது ஆக்னஸ் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். எழுதுளா என்றேன். எழுதிவிட்டாள்.

அக்கா பிலோமினா


மெட்ராஸ்
24-9-1978

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வந்த இடத்தில் வீட்டுக்கு வராமல் திரும்பிவிட்டேன். அதிகாரி விடவில்லை என்று எழுதலாம். அது முழுக்க உண்மையில்லை.

என்னைத் தமிழ்ப் பிரிவிலிருந்து மாற்றிவிட்டார்கள். இப்போது பழைய காகிதம் கட்டி வைக்கிற அறையில் இருக்கிறேன். ஜன்னல் இல்லை, மற்றபடி குறையில்லை.

வெள்ளைச் சட்டையை வண்ணாரிடம் போட்டும் வாடை போகவில்லை. மின்சார வண்டியில் பக்கத்தில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். நானும் அவர்களைப் பார்க்கிறேன்.

உன் தம்பி
இனிகோ


தூத்துக்குடி
5-10-1978

சேசு மரி சூசை துணை.

என் தம்பிக்கு அக்காவின் ஆசீர்வாதம். முழங்கால் தேவலை. ஜன்னல் இல்லாத அறையில் இருக்காதே, அடிக்கடி வெளியே வந்து நில்.

அன்றைக்கு நடந்ததை உனக்கே சொல்வது பைத்தியக்காரத்தனம். ஆனாலும் நீ தலையைக் குனிந்துகொண்டிருந்தாய், நிறையப் பார்த்திருக்கமாட்டாய். அதனால் சொல்கிறேன். ஆக்னஸும் அன்றைக்கு மணப்பாட்டுக்குப் போயிருந்தாள், அவளும் தெரிந்துகொள்ளட்டும்.

பிளாட்பாரத்தில் கடவங்களை வரிசையாக இறக்கி வைத்திருந்தோம். நான் வேண்டுமென்றே அன்று கருவாடு எடுக்கவில்லை. சாளை மீன் எடுத்தேன். ஐஸ் உருகி ஓலை வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. நீ அதிகாரிக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையில் வந்தாய். மெலிந்துவிட்டாய். அவர் ஒவ்வொரு கடவமாகக் காட்டி இங்கிலீஷில் கேட்டுக்கொண்டே வந்தார். நீ வாயைத் திறக்கவில்லை. என் முன்னால் வந்ததும் அவர் குரலை உயர்த்திவிட்டார்.

வண்டி ஊதியது. நிறைந்த கடவத்தை ஒருத்தி தனியாகத் தலைக்கு ஏற்ற முடியாது, இன்னொரு கை வேண்டும். பக்கத்தில் பிளாரன்ஸ் நின்றாள். அவளைக் கூப்பிடாமல் உன்னைக் கூப்பிட்டேன்.

"தம்பி, ஒரு கை குடுங்க. தலைக்கு ஏத்தணும்."

வழியில் போகிற யாரையும் தம்பி என்று கூப்பிடுவதுதானே நம் ஊர் வழக்கம். அதிகாரிக்கு அப்படித்தான் கேட்டிருக்கும். உன்னிடம் நான் 'குடுங்க' என்று சொன்னது அன்றைக்குத்தான்.

நீ சும்மாட்டைச் சரிபார்த்தாய். பிறகு இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாய். சிறு வயதில் தூக்கிவிடுவாயே, அதே மாதிரி, அடியில் ஒரு கை, விளிம்பில் ஒரு கை. மெட்ராஸ்காரனுக்கு அந்தப் பிடி வராது. சாளைத் தண்ணீர் உன் முழங்கை வழியாக உள்ளே இறங்கியது. நீ துடைக்கவில்லை. அப்படியே திரும்பி அவரிடம் ஏதோ சொன்னாய். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. வண்டி நகர்ந்த பிறகு இசக்கியப்பன்தான் ஜன்னலோடு ஓடிவந்து சொன்னான். "இங்கன கடவம்னு ஒண்ணுமே இல்லன்னு சொல்லிட்டாரு மயினி. யாரு மயினி அந்த மனுசன்?"

எவனோ மெட்ராஸ்காரன் என்று சொன்னேன்.

நோட்டீஸ் இன்னும் சுவரில் இருக்கிறது. கடவம் என்ற சொல்லை மட்டும் யாரோ ஆணியால் சுரண்டியிருக்கிறார்கள். பிளாரன்ஸ், தன் கையில் ஆணி கிடையாது என்கிறாள். பரிசோதகர் எங்களைக் கண்டால் மறுபக்கம் திரும்பி டிக்கெட் கேட்கிறார். மணியாச்சி வரைக்கும் தரையில்தான் உட்கார்ந்து போகிறோம்.

இத்தோடு முடியவில்லை. அடுத்த மாதம் மறுபடியும் கூட்டமாம், கடைசிப் பெட்டிக்கு ஆள் உண்டா என்று திரும்பவும் எண்ணப் போகிறார்களாம். எண்ணட்டும். பயணிகள் கையைத் தூக்குங்கள் என்று எந்த மகராசன் வந்து கேட்டாலும் இந்தத் தடவை எங்களுக்குப் புரியும். கடவத்தைத் தலையில் வைத்துக்கொண்டேதான் கூட்டத்துக்குப் போகிறோம். இரண்டு கையையும் தூக்க முடியாது, ஒரு கை கடவத்தைப் பிடிக்க வேண்டும். மற்றக் கையைத் தூக்குவோம்.

அக்கா பிலோமினா

(இனிகோ தம்பிக்கு: எழுதினது நான்தான், ஆனால் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆக்னஸ்.)